கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும்



நம் மஹல்லாவுக்குப் பாதாளச் சாக்கடை வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஓர் எச்சரிக்கையைக் கூறுவது நம் கடமை.

கழிவுநீர் சரிவினால் ஓடுவது. ஆகவே அதன் குழாய், குடிநீர்க் குழாய்க்கும் கீழே ஆழத்தில் பதிக்கப்படுகிறது. மேலே கிடப்பவையோ, ஈயம் உருக்கி இணைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள். அவற்றைத் தாங்கும் மண் சரிந்தால் வார்ப்பிரும்பு வளையாது, முறிந்துவிடும். இணைப்புகளும் கசியும். நீர் வரும் வேளையில் கசிவு வெளியேறும். நின்ற பின்னரோ வெளியிலுள்ள அசுத்தம் உள்ளே புகும். குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் இத்தீங்கு பெருகும். காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை பரவ இதுவே வழியாகும்.

எனவே, பழைய குழாயின் தடமறிந்த பெரியவர்கள், தோண்டுமுன் பணியாளர்களுக்கு அதைக் காட்டியுதவ வேண்டுகிறோம். வெளியே தெரியும் குழாய்க்கு முட்டுக் கொடுக்கவும், அடிமண்ணைக் கெட்டித்த பின்னரே பள்ளத்தை மூடவும் வலியுறுத்துவோம். நைந்த குழாயை அப்போதே மாற்றித் தரக் கோருவோம். பணி முடியும்வரை நீரைக் கொதிக்க வைத்தே பருகுவோம். மோட்டாரால் உறிஞ்சுவதைக் கைவிடுவோம்.

மண்ணுக்கடியில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாது. நம் பிள்ளைகளின் உடலில்தான் தெரியவரும்.