மத்தி மீனும் மாவு டப்பாவும்
(ஆலை வாயிற் கூட்டத்தில் பேசியது)



சர்க்கரை நோய் பணக்காரர் நோய் என்றார்கள் ஒரு காலத்தில். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டு. தீட்டிய அரிசிச் சோறும் சர்க்கரைத் தேநீரும் நம்மையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டன.

நம் தோழர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, மீன் பெப்டைடு மாவு டப்பா வாங்கினார். கால் புண் ஆறவில்லை. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

பெப்டைடு என்பது என்ன? மீனின் புரதம் செரிக்கும்போது உண்டாகும் சிறு துண்டுதான். கொழுப்புத் தீனியால் பெருத்த எலிகளுக்கு அதைக் கொடுத்த சோதனைகள் பலவற்றில் எடையும் இரத்தச் சர்க்கரையும் குறைந்தன. ஜப்பானில் மத்தி, சூரை மீன் பெப்டைடுகளை இரத்த அழுத்தம் சற்றுக் கூடியவர்களுக்கான உணவாக விற்க அரசு அனுமதித்தது. ஆனால் மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே கூலிப் பணத்தை டப்பாவில் கொட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றைக் குறைத்து, மத்திக் குழம்பு வையுங்கள். அந்த மீனைத் துண்டாக்க நம் குடலே போதும்!

அந்த மத்தியும் டன் டன்னாக அரைபட்டுத் தீவனத்துக்குப் போகிறது. முதலில் அது உழைப்பவன் சட்டிக்கு மலிவாக வரட்டும் என்று கேட்போம்!