அறுந்த இடம் எது?



நான் தமிழாசிரியர். எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஒருநாள் இணையவழித் தேர்வு நேரத்தில், ஒரு வரிசைக் கணினிகள் எதிலும் இணையம் வரவில்லை. "நெட் இல்லை" என்று தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மாலையில் வந்த பணியாளர் மேசைக்கு அடியில் குனிந்தார். அந்த வரிசையின் சுவிட்சிலிருந்து ரூட்டருக்குப் போகும் கேபிள் கழன்றிருந்தது, செருகினார். இணையம் வந்தது. பிள்ளைகள் தேர்வெழுதாமலே வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வாசிக்கத் திணறும் குழந்தையைப் பார்த்து, "படிப்பு வரவில்லை" என்று நாம் முடித்துவிடுவதில்லை. எழுத்தா, சொல்லா, தொடரா, எங்கே தடுக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கிறோம். இணையத்தையும் அப்படியே பார்க்கலாம். அதற்கான கருவிகள் விண்டோஸிலேயே உள்ளன.

விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும்.

முதலில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை. ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால், அதே திரையில் 'டீஃபால்ட் கேட்வே' என்பதற்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் ரூட்டர். 'பிங்' என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை இடுங்கள். அந்த எண்ணிடமிருந்தே 'ரிப்ளை' என்று வந்தால் ரூட்டர் வரை பாதை சரி.

அடுத்து, 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. ரூட்டர் பதில் தந்து இது தராவிட்டால், பழுது பெரும்பாலும் வெளி இணைப்பில்.

எண்ணுக்குப் பதில் வந்து, இணையதளத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல்.

ஓர் எச்சரிக்கை: சில தளங்கள் நன்றாக இயங்கினாலும் பிங்குக்குப் பதில் தராது. ஒரே சோதனையை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் இந்த நான்கு படிகளும் ஒட்டப்பட்டுள்ளன. தேர்வுக்கு முந்தைய நாளே மாணவர்கள் சோதித்துவிடுகிறார்கள். புகார் சொல்லும்போதும், "ரூட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை" என்கிறோம்.