யாருக்கு வட்டல் வைத்தோம்?



விசுவாச வாழ்வு வீட்டில் தொடங்குகிறது என்ற பொருளில் இந்தக் கருத்தரங்குக்கு நம்மை நாமக்கல்லில் கூட்டியிருக்கிறார்கள். அனுப்பியிருந்த கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்தேன். குடும்ப ஜெபம், ஜெபமாலை, ஞாயிறு பள்ளி, பிள்ளை வளர்ப்பு என்று பலரும் உழைத்து எழுதியிருக்கிறீர்கள். தலைமை ஏற்றவன் என்ற உரிமையில் ஒன்றை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். முதலில் வீட்டில் தேவபக்தியாக நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை வேதத்தில் எங்கே படித்தோம்? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். அங்கே பேச்சு ஜெபத்தைப் பற்றியது அல்ல, விதவைகளைப் பற்றியது. வயதான தாயையும் பாட்டியையும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் தாங்க வேண்டும், அந்தப் பாரத்தைச் சபையின் தலையில் ஏற்றக்கூடாது என்கிறார். வீட்டாரைக் கைவிட்டவனை அவர் விசுவாசியாகக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த அதிகாரத்தில் பக்தி என்பது கிழவிக்கு வேளைக்குச் சோறு போடுவது.

நான் இன்று சொல்ல வந்தது இதையொட்டியதுதான். ஒரு வீட்டின் விசுவாசத்தை ஆராயப் போகிறவர், அங்கே என்ன ஜெபிக்கிறார்கள் என்பதோடு, யாருக்கு வட்டல் வைக்கிறார்கள், யாரை எந்த வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியின் கிறிஸ்தவ வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி பின்னாலேயே வந்திருக்கிறது.

1623இல் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து கிளம்பித் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேந்தமங்கலம் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவருடைய காவி உடை, தமிழ், சமஸ்கிருதப் புலமை பற்றி நிறைய எழுதிவிட்டோம். அவர் வீட்டு அடுப்பைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். பிராமணச் சமையல்காரர், மரக்கறி உணவு, நாளுக்கு ஒரு வேளை. ஒரு மதத்தைத் தமிழர்கள் முதலில் சமையலறையில்தான் சோதிப்பார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்த நுட்பத்துக்கு ஒரு விலையும் இருந்தது. உயர்சாதியாருக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மதுரை மிஷனில் 1640இல் இரண்டு வழி வந்தது. வழி இரண்டானால் அடுப்பும் இரண்டுதானே.

இருநூறு ஆண்டு கழித்து மதுரையில் அமெரிக்க மிஷன் அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. 1847இல் அவர்கள் தங்கள் உபதேசியார்களுக்கு வைத்த சோதனையில் வேத அறிவைப் பற்றிய கேள்வி இல்லை. தாழ்த்தப்பட்ட சாதியார் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட முடியுமா, முடியாதா என்பதே கேள்வி. பலர் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். மிஷன் கட்டாயப்படுத்தியது சரியா என்று வாதிடலாம், நீங்கள் வாதிடுவீர்கள் என்றும் தெரியும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சபை மேடையில் ஏறி எதையும் அறிக்கையிட்டுவிட முடிந்தவர்களுக்கு, ஒரு கவளம் மட்டும் உள்ளே இறங்கவில்லை.

இதை எங்கோ நடந்ததாகப் பேசிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. என் அம்மாயி வீடு ராசிபுரம் பக்கம், காட்டுக்குள் ஓட்டு வீடு. பொழுது சாய்ந்ததும் ஆசாரம் என்கிற கூடத்தில் பாய் விரித்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, எங்களை மாறி மாறி வேதம் வாசிக்கச் சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை. அதே வீட்டுத் தாழ்வாரத்து எரவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். பண்ணையத்துக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு அதில்தான் காப்பி. குடித்துவிட்டு அவரே கழுவி அவரே செருக வேண்டும். அவரும் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை நற்கருணையில் எங்களோடு ஒரே பாத்திரத்தில் குடித்தவர்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு மழை நாள், ஜெப நேரத்தில் அவர் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார். நாங்கள் பாடிய பாட்டில் வெளியிலிருந்து அவர் குரலும் சேர்ந்தது. ஜெபம் முடிந்ததும் ஆமென் சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடியே போனார். உள்ளே வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சில ஆண்டு கழித்து ஒரு கிறிஸ்துமஸ் அன்று என் அம்மா அந்த டம்ளரை எடுத்துக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அவருக்கு ஆசாரத்தில் எங்களோடு வட்டல் வைத்தார். அம்மாயி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாப்பிட்டார். அந்த ஒரு இரவில் அம்மாயியின் மனதுக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். எந்த மிஷன் அறிக்கையிலும் அப்படிப்பட்ட இரவுகள் பதிவாகியிருக்காது. நாம் தேட வேண்டிய ஆவணம் அது.

இனி மேலே பார்ப்போம், கொல்லிமலையை. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து ஏறியபோது சாலை கிடையாது. அன்றே மழையில், மணப்பெண்ணை டோலியில் வைத்து ஏற்றினார்கள். வாழவந்தி நாட்டில் ஜெஸ்ஸி தன் கையாலேயே பலகை வீடு கட்டினார். கறையான் ஏறாதபடி கால்களின் மேல் நின்ற வீடு. கட்டட வேலையும் கொஞ்சம் மருத்துவமும் கற்று வந்தவர். நரம்புச் சிலந்தியை வெளியே எடுத்தார், கிணற்றைச் சீர்செய்யச் சொல்லிக் கொடுத்தார், பல் பிடுங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார். மருந்துக்கு வந்தார்கள், பேச்சையும் கேட்டார்கள். ஆனால் பல ஆண்டுகள் ஒரு குடும்பம்கூடச் சபைக்கு வரவில்லை. ஊர்ப் பூசாரி முன்னின்று எதிர்த்தார்.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு வந்த விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. பயந்துபோய் ஊரார் சிதறியபோது, இந்தத் தம்பதி கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகச் சுமந்துபோய் ஊட்டினார்கள். பூசாரியும் படுத்தார், அவர் மனைவியும் படுத்தார். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி, தன் சொந்த பந்தத்தில் யாரையும் கூப்பிடாமல், தான் எதிர்த்த அந்த வெள்ளைக்காரரை அழைத்துத் தன் பிள்ளைகளை ஒப்படைத்தார். கைக்குழந்தையான பெண் ஒருத்தியும் அதில் உண்டு. அவளுக்கு ரூத் என்று பேரிட்டு, பால், கோனி என்ற தங்கள் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவதாக வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையில் சபை உண்டாயிற்று.

இதைப் பலர் மிஷனரியின் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. இந்த நிகழ்ச்சியில் மனம் திரும்பியதை முதலில் செயலில் காட்டியவர் அந்தப் பூசாரி என்பேன். அத்தனை ஆண்டுகள் பிரசங்கத்தை மறுத்தவர், அந்த வீட்டை மட்டும் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் மகள் அங்கே பட்டினி கிடக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண் குழந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1992 நினைவுக்கு வருகிறது. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் ஒரே சேலம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். ஏன் இங்கே என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டால் இந்த மண்ணில் வளர்ந்த எவருக்கும் வயிறு கலங்கும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் நிலைமை தேறியது. அந்த ஆண்டுகளில் நம் வீடுகளில் என்ன நடந்தது? நம்மிடம் பதில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத் துணிவுதான் வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு சபையிலும் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிவான ஆண் பெயர் எத்தனை, பெண் பெயர் எத்தனை என்று எண்ண ஒரு வாரம் போதும். இந்த ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இருந்தால், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இதை எடுங்கள். கணக்கு நமக்குச் சாதகமாக வந்தால் தேவனுக்கு நன்றி சொல்வோம். இல்லையென்றாலும் அச்சிடுவோம்.

வேலைத்தலம் பற்றிய கட்டுரைகள் நாளை வருகின்றன. அதனால் ஒரு சொல்லோடு விடுகிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் முன்பணம் வாங்கிவிட்டு, கடன் தீராமல் வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கும் குடும்பங்களை அறிவோம். பட்டறை நம்மவருடையதாக இருந்தால், அந்தக் கடன் நோட்டையும் குடும்ப வேதாகமம் இருக்கும் அதே அலமாரியில்தான் வைத்திருப்பார். இரண்டையும் ஒரே ஆய்வாளர் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பிராண்ட் வீட்டுக்குத் திரும்புகிறேன். பால் பிராண்டை ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மலையிலிருந்து அப்பாவின் கடிதங்கள் விடாமல் போயின. மரம், பூச்சி, மழை, மலைவாசிகள், கடவுளின் கைவேலை எல்லாம் அவற்றில் இருக்கும். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முந்திக்கொண்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்கள் அதற்குப் பிறகும் சில வாரம் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பையன் முதலில் கட்டட வேலை பழகி, பிறகு மருத்துவனாகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதை உலகம் அறியும். நான் சொல்ல வந்தது பூனைகளை.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரவில் விரல் நுனி காணாமல் போய்க்கொண்டிருந்தது. நோய் திரும்பிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இவர் விடவில்லை. அவர்கள் எங்கே படுக்கிறார்கள், எப்படிப் படுக்கிறார்கள், தூங்கும்போது என்ன நடக்கிறது என்று விசாரித்தார். உணர்ச்சி இல்லாத விரல்களை எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் அங்கிருந்து வீடு திரும்புகிறவர் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், நோயாளியின் குடிசையில் நள்ளிரவில் நடப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். இந்த அக்கறையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டால், வாழவந்தி நாட்டுப் பலகை வீட்டைத்தான் காட்ட முடியும்.

எவலின் அம்மையாரைப் பற்றி ஒரு தனி அமர்வே இருப்பதால் நான் நீட்டவில்லை. நாற்பதுகளின் கடைசியில் மிஷன் ஓய்வு கொடுத்துவிட்டது. எழுபதை நெருங்கிய வயதில் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே போனார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலைமலையாக நடந்தார். கடைசிக் காலத்தில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். 1974இல் 95 வயதில் மறைந்து, மலையில் கணவரின் அருகில் அடக்கமானார். பவுல் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைத்ததுபோல, இந்த மாவட்டச் சபை வரலாறும் பெயர் சொல்லி எழுத வேண்டிய விதவை அவர். அவரோடு, பெயரே தெரியாத நூற்றுக்கணக்கான நம் ஊர் விதவைகளும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் லாரித் தொழிலோடு எச்ஐவியும் நாமக்கல்லில் புகுந்தபோது, கணவனை அடக்கம் செய்த மறுவாரமே தனி வட்டல், தனிப் பாய் என்று ஒதுக்கப்பட்ட இளம்பெண்கள் உண்டு. அவர்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த பாட்டிகளும் உண்டு. ஒதுக்கியவர்களும் அழைத்தவர்களும் நம் சபைகளில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டிகள் எழுதிவைக்கவில்லை. அடுப்புக்கு அருகே ஒரு சட்டி வைத்து, உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிடி அரிசி எத்தனை ஆலயச் சுவராயிற்று, எத்தனை வீட்டுக் கஞ்சியாயிற்று என்பதற்குக் கணக்கு அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் சிலரை அடக்கம் செய்கிறோம். ஆகையால் நிகழ்ச்சிநிரலில் ஒரு சிறு மாற்றம் செய்ய அமைப்பாளர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். முதல் அமர்வின் முதல் இருபது நிமிடத்தில் கட்டுரை வாசிப்பு இல்லை. மலையடிவாரத்திலிருந்து காலை முதல் பேருந்தில் பேத்தியோடு வந்திருக்கும் ஒரு அம்மா, முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். தான் சமைத்தது, தன் வீட்டில் யார் யார் உண்டார்கள், யாரை விட்டுவிட்டோம் என்பதைச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மூட்டுவலி, மேடை ஏற முடியாது. தம்பி, அந்த மைக்கை அவர் நாற்காலிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.