முதலில் வீடு, பிறகே கடப்பாறை!

நகரின் நடுப்பகுதியை இடித்துப் புதுக்கத் திட்டமிடுவோர் முதலில் எதை எண்ணுகிறார்கள்? மனையை எண்ணுகிறார்கள், மாடியை எண்ணுகிறார்கள், வரப்போகும் வருவாயை எண்ணுகிறார்கள். அங்கே குடியிருக்கும் மனிதரை எண்ணுகிறார்களா? இக்கேள்விக்கு விடை காண, உங்களை அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அந்நகரின் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே 87 ஏக்கர் நிலத்தை, 'யெர்பா புவேனா' எனும் பெயரால், சீரமைப்புத் திட்டத்துக்கென 1960-களில் ஒதுக்கினர். மாநாட்டு மண்டபம் எழும், விளையாட்டரங்கம் எழும், அலுவலக மாளிகைகள் எழும் என்றனர். எழட்டுமே, நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான்! ஆனால், அந்த மண்ணில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்துவந்தனரே! அவர்களுள் பெரும்பாலோர் முதியவர், தனித்து வாழ்ந்தவர், கப்பலிலே உழைத்து, துறைமுகத்திலே சுமை சுமந்து, உடல் தளர்ந்தபின் ஓய்வூதியத்தை நம்பி, மலிவு வாடகை விடுதிகளின் சிற்றறைகளில் காலந்தள்ளியவர்.

திட்டமிட்டோர் அந்த இடத்துக்கு இட்ட பெயர் 'சீரழிந்த வட்டாரம்'. அந்த ஒரு சொல்லுக்குள் 4,000 பேரும் மறைந்துபோயினர்!

அவர்களைக் காக்கச் சட்டம் இல்லையா? இருந்தது, தோழர்களே! வெளியேற்றப்படுவோருக்கு, அவர்தம் வருவாய்க்கேற்ற வாடகையில், பாதுகாப்பான, தூய்மையான வீடு கிடைக்க வழிசெய்யவேண்டும் என்று 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் விதித்திருந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. இடிக்கும் இயந்திரமோ தெருவிலே நின்றது!

1969-இல் அந்த முதியவர்கள் ஒன்றுகூடினர், சங்கம் கண்டனர். முன்னாள் தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் உல்ஃப் தலைமை ஏற்றார். ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளி பீட்டர் மெண்டல்சன் தோள் கொடுத்தார். உழைத்த காலத்தில் சங்கம் வைத்துப் போராடப் பழகியவர்களுக்கு, ஓய்ந்த காலத்தில் அது மறந்தா போகும்? நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். 1970-இல் நீதிபதி ஸ்டான்லி வைகல் இடைக்காலத் தடை விதித்தார். ஏட்டிலே உறங்கிய சட்டம் எழுந்து நின்றது!

மண்டபமே கூடாது என்றா அவர்கள் கேட்டனர்? இல்லை. எங்களுக்கு எங்கள் இடத்திலேயே வீடு கொடுங்கள் என்று கேட்டனர். 1973-இல் உடன்பாடு பிறந்தது. நகருக்கு வந்து விடுதிகளில் தங்குவோரிடம் வாங்கும் வரியை உயர்த்தி, அப்பணத்தைக் கொண்டு குறைந்த வாடகையில் 400 வீடுகள் கட்டுவதென முடிவாயிற்று. எந்த விருந்தினருக்காக அவர்கள் விரட்டப்பட்டார்களோ, அந்த விருந்தினர் செலுத்தும் வரியே அவர்களுக்கு வீடாயிற்று! முதல் கட்டடம் 1979-இல் திறக்கப்பட்டது. அதற்கு உல்ஃப் பெயரையே சூட்டினர். அதைக் காண அவர்தான் உயிரோடு இல்லை. 1981-இல் மாநாட்டு மண்டபமும் திறக்கப்பட்டது. வீட்டுரிமை கேட்டதால் மண்டபம் எழாமல் போய்விடவில்லை!

இதை முழு வெற்றி என நான் கூறமாட்டேன். 4,000 எங்கே, 400 எங்கே! வீடு வருமுன்னே சிதறிப்போனோர் பலர். தடை சற்று முன்னரே வந்திருந்தால் இன்னும் பலர் தங்கியிருப்பர். காலம் தாழ்ந்த நீதிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஆகவே, நகரின் நடுவே ஒரு வட்டாரத்தைப் புதுக்கும் வரைபடம் எங்கு விரிக்கப்பட்டாலும், நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இங்கு வாழ்வோர் எத்தனை பேர்? கட்டி முடியும்வரை அவர்கள் எங்கே தங்குவர்? திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு? அந்தச் செலவை ஏற்பவர் யார்? நான்குக்கும் எழுத்தில் விடை வந்தபின் கடப்பாறை எழட்டும். அதற்குமுன் எழுமானால், அதைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. சட்டத்தைத் தட்டியெழுப்பும் சங்கமும் வேண்டும். அந்தச் சங்கத்தை வீடு இடிந்தபின் அல்ல, இடியுமுன் கட்டுங்கள்!