இடுமருந்தும் இரைப்பையும்



இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பட்டுக்குப் பேர்போன ஊர். ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் பட்டு நினைவுக்கு வருவதில்லை, மாந்திரீகந்தான் வருகிறது. பங்காளிச் சண்டையில் "அவன் கொள்ளேகாலுக்குப் போய் வந்திருக்கிறான்" என்று யாராவது சொல்லிவிட்டால் எதிராளி வீட்டில் தூக்கம் போய்விடும். ஊருக்கு இது வீண்பழி என்று அவ்வூரார் வருந்தினால் நியாயமே. எனக்கோ அதில் வேறொன்று தெரிகிறது: எந்த மந்திரவாதியும் எதுவும் செய்யவில்லை. பெயர் மட்டுமே வேலை செய்தது.

வேலை செய்தது எது என்ற இதே குழப்பம் மருத்துவத்திலும் நடந்திருக்கிறது. வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், 1845 ஏப்ரல் 4 அன்று, விரைவீக்கம் கண்ட ஒரு கைதியைத் தடவித் தடவி மயக்கத்தில் ஆழ்த்தி அறுவை செய்தார். பின்னர் பெரிய கட்டிகளையும் அப்படியே அகற்றினார். இருட்டறையில் மணிக்கணக்கில் தடவும் வேலை மருத்துவமனையின் உள்ளூர் உதவியாளர்களுடையது. 1846 இறுதியில் கல்கத்தாவில் அரசே அவருக்கு ஒரு சிறு மருத்துவமனை கொடுத்தது. ஈதரும் குளோரோஃபார்மும் வந்த பிறகு அந்தச் சிகிச்சை மங்கிப்போனது.

தன் கையிலிருந்து ஏதோ ஒரு சக்தி நோயாளிக்குள் பாய்கிறது என்றே எஸ்டெய்ல் நம்பினார். அப்படி எதுவும் பாயவில்லை, எல்லாம் படுத்திருப்பவரிடமே நிகழ்கிறது என்று அவருக்கு முன்பே பாரிஸில் சொன்னவர் ஒரு கோவாக்காரர்: காண்டோலிமில் பிறந்து 1819இல் மறைந்த அபே ஃபாரியா. பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

படுத்திருப்பவரிடம் அது எப்படி நிகழ்கிறது? அமிலம் சுரக்கும்படி இரைப்பைக்கு நாம் ஆணையிட முடியாது. அது தன்னியக்க நரம்புகளின் ஆட்சி. ஆனால் மாங்காய் என்றதும் வாயூறுகிறதே! அறிவு ஆணையிட முடியாத இடத்தில் எதிர்பார்ப்பு நுழைந்துவிடுகிறது. 1962இல் ஜப்பானிய மருத்துவர்கள் 13 சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். நம் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த, பட்டால் தோல் தடிக்கும் மரம் ஒன்று அங்கே உண்டு. அதன் இலை என்று சொல்லித் தீங்கற்ற இலையைத் தேய்த்தபோது தோல் தடித்தது. உண்மையான நச்சிலையைத் தீங்கற்றது என்று சொல்லித் தேய்த்தபோது பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தோல் பொய் சொல்லாது.

இப்போது இடுமருந்துக்கு வருகிறேன். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் ஒருவர். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு புரட்டுகிறது, உடம்பு இளைக்கிறது. மருந்தெடுப்பவர் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, மயிர் ஒட்டிய ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டுகிறார். அன்று இரவே நோயாளி சாப்பிடுகிறார். உருண்டை பொய். பசி மெய். நம் பகுத்தறிவாளர்கள் முதலாவதை அம்பலப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவதை இங்கே யாரும் விசாரிப்பதில்லை.

இத்தகைய வயிற்றை விசாரித்தவர் மான்செஸ்டர் மருத்துவர் பீட்டர் வோர்வெல். குடல் எரிச்சல் நோய் முற்றி, மற்ற மருந்துக்கு மசியாத 30 பேரிடம் ஹிப்னாடிசம் என்னும் அறிதுயிலைச் சோதித்து, 1984இல் லான்செட் இதழில் வெளியிட்டார். வயிற்றின் மேல் கையை வைத்து அங்கே வெதுவெதுப்பை உணரச் சொல்வது அவர் முறை. ஹிப்னாடிச சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் வயிற்று உப்புசமும் கணிசமாகக் குறைந்தன. குழாயும் இல்லை, உருண்டையும் இல்லை.

எல்லாரும் இந்த அறிதுயிலுக்கு ஒரே அளவில் ஆட்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உடம்பு இளைப்பது காசநோயாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். அங்கே மருந்தெடுப்பவர் வீணாக்கும் ஒவ்வொரு மாதமும் உயிருக்கே ஆபத்து. கர்நாடகம் 2017இல் மாந்திரீகத்துக்கு எதிராகச் சட்டம் செய்தது; நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் மந்திரவாதியைப் பிடிக்கும், பயத்தைப் பிடிக்காது. ஸ்கேன் சரியாக இருந்தால் "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்கிறார் மருத்துவர். வலியோடு வந்தவருக்கு அது பதிலா? 1980களில் பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், பெல்லாரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்தது. அப்படியொரு பயிற்சியில் இடுமருந்துக்கும் ஒரு வகுப்பு வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.