தகரப் பட்டறையில் நான் கற்றது

(பங்கின் பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். வாழ்நாளில் பெரும்பகுதி சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கழிந்ததால், கத்தியே பேசிப் பழகிவிட்டேன். ஒலிபெருக்கிக்காரத் தம்பி கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது.

நாற்காலிகளும் பந்தல் கம்புகளும் அடைந்து கிடக்கும் நம் பழைய பட்டறை அறையைத் திறந்து, இளைஞருக்குத் தகர வேலை வகுப்பு நடத்துவதென்று விழாக் குழு முடிவு செய்திருக்கிறது. "தகரம் தட்டுறதுக்கு ஒரு வகுப்பா?" என்று கோவில் முற்றத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கே விழுந்ததென்றால் உரக்கத்தான் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

1974ஆம் ஆண்டு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாளே அவமானம். 20 கேஜ் தகடு எடுத்துவா என்றார் வாத்தியார். எண் கூடினால் கனமும் கூடும் என்றெண்ணி, இருந்ததிலேயே மெல்லிய தகட்டை 20 என்று தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். உண்மை நேர்மாறானது. 20 கேஜ் ஏறத்தாழ 0.91 மில்லிமீட்டர், 24 கேஜ் 0.56 மில்லிமீட்டர்தான். எண் ஏற ஏறத் தகரம் மெலியும். வகுப்பு முழுவதும் சிரித்தது.

பள்ளியில் கணக்கில் தோற்றவன் நான். கணக்கு எனக்குப் புரிந்தது புனல் செய்யும்போதுதான். வாயின் விட்டம் 20 சென்டிமீட்டர், சாய்வு நீளமும் 20 சென்டிமீட்டர் என்றால், வெட்ட வேண்டியது 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள சரிபாதி வட்டம். அதைச் சுருட்டினால் கூம்பு தானாக வந்து நிற்கும். மூட்டுக்குத் தகடு கூடுதலாக விட வேண்டும். விளிம்புகளைக் கொக்கிபோல் மடித்து ஒன்றோடொன்று மாட்டித் தட்டும் மூட்டு 6 மில்லி அகலமென்றால், 18 மில்லி கூடுதல். வாயில் 3 மில்லி கம்பி வைத்துச் சுருட்ட ஏழரை மில்லி. இதில் ஒரு மில்லி பிசகினாலும் புனல் ஒழுகும், அல்லது கம்பி வெளியே பல்லிளிக்கும்.

மடிப்பது எளிது. குழிப்பதுதான் வேலை. தட்டையான வட்டத் தகட்டைக் கிண்ணமாக்க வேண்டும். வெட்டு கிடையாது, மூட்டு கிடையாது. குழி செதுக்கிய மரக்கட்டையின் மேல் தகட்டைச் சாய்த்து வைத்து, கொட்டாப்புளியால் விளிம்போரத்திலிருந்து வட்டம் வட்டமாக நடுவை நோக்கித் தட்டிக்கொண்டு போக வேண்டும். விளிம்பில் சுருக்கம் விழும். விழுந்தவுடனே இதமாகத் தட்டிச் சமன் செய்யாவிட்டால், அது மடிந்து அங்கேயே கிழியும்.

இன்னொன்றும் உண்டு. அடிபட அடிபட உலோகம் இறுகிப்போகும். முதலில் 'தொப்' என்று வாங்கிக்கொண்ட தகடு, பிறகு 'டிங்' என்று கத்தும். அப்போது தட்டுவதை நிறுத்தி, சூடு காட்டி இளக்க வேண்டும். அலுமினியத்தில் இது ஆபத்தான காரியம். இரும்பைப்போலச் சிவந்து நம்மை எச்சரிக்காது. 660 டிகிரியில் திடீரென உருகிவிடும். ஆகவே சலவைச் சோப்பைத் தகட்டில் தேய்த்து, ஊதுவிளக்கின் தீயைச் சீராகக் காட்டுவார்கள். சோப்புக் கோடு கருத்தவுடன் தீயை எடுத்துவிட வேண்டும்.

எனக்கு அவசரம். பக்கத்துப் பையனுக்கு முன்னே முடிக்க வேண்டும் என்று இளக்காமலே தட்டினேன். "ஏலே, தகடு உன்கூடப் பேசுது, கேக்கலையா?" என்று வாத்தியார் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். விளிம்பில் நகத்தளவு விரிசல் விட்டது. யாரும் பார்க்குமுன் விளிம்பைச் சுற்றிலும் கத்தரித்து, அரம் போட்டு, நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய் வைத்தேன். வாத்தியார் திட்டவில்லை. மற்ற கிண்ணங்களோடு வரிசையில் என் கிண்ணத்தையும் வைத்தார். அது மட்டும் ஒரு விரற்கடை குட்டையாக நின்றது. ஆண்டு முடியும்வரை அது அந்த அலமாரியிலேயே இருந்தது.

அதைவிட வெட்கப்படத்தக்கது பின்னால் நடந்தது. நான் ஆசிரியரான பிறகு, 1991இல், காது சரியாகக் கேளாத ஒரு பையன் வகுப்புக்கு வந்தான். தகட்டின் குரலைக் கேட்கத் தெரியாதவனுக்கு இந்தத் தொழில் ஆகாது என்று முடிவுகட்டி, அவனை வேறு பிரிவுக்கு மாற்ற எழுதியே கொடுத்துவிட்டேன். அவன் அம்மா மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்பவர். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தார். "சார், அவனுக்கு இதுதான் புடிச்சிருக்கு. ஒரு வாரம் பாருங்க, பொறவு உங்க இஷ்டம்" என்றார். தட்ட முடியாமல் சரி என்றேன்.

மூன்றாம் நாள் அவன் தட்டுவதைத் தானாக நிறுத்திவிட்டு, தகட்டை என்னிடம் கொண்டுவந்து ஊதுவிளக்கைக் காட்டினான். தட்டிப் பார்த்தேன். சரியான நேரம்! எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். இளகிய தகடு அடியை விழுங்கும்; இறுகிய தகடு சுத்தியலைத் திருப்பி எறியும். பதினைந்து ஆண்டுகள் தட்டியும் நான் கவனியாத ஒன்று. எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். இன்று அவர் சொந்தமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிவரும் கார்க் கதவுக்கு உள்ளே டாலியை வைத்து, வெளியே சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார். எனக்கும் இப்போது இடது காது மந்தம். காதில் பஞ்சுகூட வைக்காமல் தட்டியதற்குக் கூலி. ஆகவே அவர் பாணியில் மணிக்கட்டைத்தான் நானும் நம்புகிறேன்.

தகரம் தட்டுவது அற்ப வேலை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1886இல் நியூயார்க்கில் திறந்துவைக்கப்பட்ட சுதந்திரதேவி சிலையின் மேனி வார்ப்பு அல்ல. சுமார் 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகடுகளை, பாரீஸ் பட்டறையில் மர அச்சுகளில் வைத்துக் கையால் தட்டி உருவாக்கிய மேனி அது. நம் நாட்டிலேயே, பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தட்டிச் செய்யும் தட்டேரா மக்களின் கைவினையை 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இன்று தகட்டை லேசரும் கணினியும் வெட்டுகின்றன, உண்மைதான். ஆனால் குளிர்சாதனக் காற்றுக் குழாய்க்கும், உணவு விடுதி அடுப்பின் புகைக்கூண்டுக்கும், நசுங்கிய வண்டிக்கும் கையறிந்த ஆள் இன்னும் தேவை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்று அன்பியக் கூட்டங்களில் எண்ணிப் பார்த்தோம். அதனால்தான் கேட்கிறேன், அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கொட்டாப்புளிக்கு ஆண் பெண் தெரியாது.

வகுப்பு சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு. சம்பளம் கிடையாது. கைலி, ரப்பர் செருப்போடு வரவேண்டாம். வெட்டிய தகர விளிம்பு சவரக் கத்திக்குச் சமம். துத்தநாகம் பூசிய தகரத்தை யாரும் வீட்டில் தீயில் காட்டிப் பழக வேண்டாம்; அந்த வெண்புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது.

பட்டறையில் மேசை இரண்டு இருக்கிறது, கருவிகள் போதாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரக் கத்தரி, அரம், சுத்தியல் ஏதும் கிடந்தால் ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அதைத் தேய்ப்பதுதான் முதல் நாள் பாடம்.