சொல்லாமல் போனவர்கள்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் தமக்கு அந்தத் தகுதியில்லை என்று முதலில் கூறிவிட்டுப் பின்னர் ஒரு மணி நேரம் பேசுவது நெடுநாளைய சம்பிரதாயம். முதற்பகுதியை நான் சொல்லிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டாவதை இயன்றமட்டும் சுருக்கிக்கொள்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் சென்னையில் நான் வைத்தியம் படித்தபோது, எங்கள் ஆசிரியர் ஒருவர், ஞானத்தில் சமுத்திரம் போன்றவர், வார்டில் வலம் வருகையில் எந்த நோயாளியையும் பெயர் சொல்லி அழைத்தறியார். அவருக்கு எல்லோரும் பன்னிரண்டாம் கட்டில், பதினேழாம் கட்டில் என்பவர்களே. நாங்களும் அவரைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கவும், கட்டிலின் எண்ணைச் சொல்லவும் மிகுந்த சிரத்தையோடு பயின்றோம். எங்கள் விடுதிச் சமையற்காரர் மாத்திரம் 150 பேரையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைப்பார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்த குறையை அந்த ஒரு குணத்துக்காகவே மன்னித்தோம். இதை ஏன் சொல்கிறேனென்றால், வைத்தியத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு பாடம் வார்டில் கிடைக்காமல் சமையலறையில் கிடந்தது என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கிற்று.

1978ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆல்மா ஆட்டா நகரத்தில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவர்க்கும் ஆரோக்கியம் என்று பிரகடனம் செய்து, அதற்கு வழி ஆரம்ப சுகாதார சேவையே என்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், நம் மாநிலத்து மலைத்தொடர் ஒன்றின் அடிவாரத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், 25 வயது டாக்டராக, உலகத்தையே குணப்படுத்திவிடும் உத்தேசத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மாலை, நான்கு ஆட்கள் ஒரு கர்ப்பிணியை நீண்ட கம்பில் கட்டிய டோலியில் வைத்துச் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அதிகாலையில் புறப்பட்டவர்களாம். கூட வந்த மாமியாரை வராந்தாவோடு நிறுத்தினோம். அந்தப் பெண் இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஏதோ ஒரு வேரை ஆயா அவிழ்த்து எறிந்தாள். இரும்பு மேஜைமேல் ஏற்றி மல்லாந்து படுக்கச் சொன்னோம். “குந்தினாத்தான் முடியுது” என்று அவள் இரண்டு முறை சொன்னாள். “பேசாம படு” என்றேன். அதைச் சொன்னது நர்ஸம்மாவோ ஆயாவோ அல்ல, நானேதான்.

வலி சற்றுத் தணிந்திருந்தபடியால் நானும் உறங்கப் போனேன். விடியற்காலையில் வந்து பார்த்தால் மேஜை காலியாக இருந்தது. அதன்மேல் விரித்திருந்த துணி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பதிவேட்டை எடுத்து, ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இந்த வார்த்தை ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இன்றும் புழங்குவதை நீங்கள் அறிவீர்கள். தலைமறைவானவர் என்பது அதன் பொருள்; களவு செய்துவிட்டுப் போலீஸுக்குத் தப்பி ஓடியவனைக் குறிக்க வேண்டிய சொல். வலியோடு வந்து, அவமானம் பொறுக்கமாட்டாமல், இரவோடு இரவாக மலையேறிப் போன ஒரு பெண்ணைக் கள்வர் ஜாபிதாவில் சேர்த்துவிட்டு, நான் காப்பி குடிக்கப் போனேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கும் வேலையாக அந்த மலைக்குப் போக நேர்ந்தபோது, தூளியில் குழந்தையும் பக்கத்தில் தாயும் சௌக்கியமாக இருக்கக் கண்டேன். அது என் பாக்கியமேயன்றி என் வைத்தியத்தின் பலனல்ல. அந்த மாமியார் பாய் விரித்துப்போட்டு, கேழ்வரகுக் கூழ் கொடுத்துவிட்டு, கோபத்தின் சாயலே இல்லாமல் சொன்னாள்: “நீ எங்க வூட்டுக்கு வந்தா உக்காரச் சொல்றோம். நாங்க உன் வூட்டுக்கு வந்தா வெளியில நிக்கச் சொல்ற.”

அவள் என்னை ‘நீ’ என்றாள். அந்த ஊரில் கலெக்டர் வந்தாலும் ‘நீ’தான், குலதெய்வமும் ‘நீ’தான், சமமானவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் ‘நீ’ அது. அடிவாரத்தில் நாங்கள் வழங்கிய ‘நீ’யோ, எழுத்தில் அதுவாகவே இருந்தும், ஆளை ஓரமாக நிற்கச் சொல்லும் ‘நீ’. இந்த வேற்றுமை என்னைப் பிடித்தது பிடித்ததுதான். என் மனைவி இதை என் பைத்தியம் என்றே சொல்வாள். பிற்காலத்தில் ஆய்வுக்குப் போன இடங்களிலெல்லாம், வந்திருப்பது இன்னார் என்று தெரியும் முன்பே ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து, யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’ என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வேட்டியின் வெளுப்பைப் பொறுத்தும், காலில் செருப்பு இருப்பதைப் பொறுத்தும், பேசும் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்பதைப் பொறுத்தும் அந்த ‘ங்க’ சேர்ந்தும் விலகியும் வந்த விசித்திரத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்டதற்கு உலகத்தின் மறு கோடியில் ஒரு செவிலியர் சாஸ்திர வடிவமே கொடுத்திருந்தார். நியூசிலாந்தின் மாவோரி மக்களில் பிறந்த இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் அம்மையார் அவர். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில், முதலாண்டு படித்துவந்த மாவோரி மாணவி ஒருத்தி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாளாம். (நம் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால், தடியை எடுத்துக்கொண்டு பண்பாட்டைக் காக்கப் புறப்படுகிறவர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள், அதுவல்ல இது.) தன் பழக்கத்துக்காகவும், மொழிக்காகவும், பிறப்புக்காகவும் ஒருவர் சிறுமைப்படாமல் சிகிச்சை பெற்றுத் திரும்புவதே அதன் கருத்து, சிறுமைப்பட்டாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சிகிச்சை பெற்றவருக்கே உண்டு, அளித்தவருக்கு இல்லை என்பது அம்மையாரின் சித்தாந்தம். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் இதைப் பாடத்தில் சேர்த்தபின் பத்திரிகைகளில் பெரும் கூச்சல் எழுந்தது. டாக்டர்களுக்கு முன்பே செவிலியர்கள் இதைக் கண்டுகொண்டார்கள் என்பதை இன்று செவிலியராகப் பட்டம் பெறும் உங்கள் கௌரவத்துக்காகக் குறிப்பிடுகிறேன்.

இதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்களுக்குப் பெரு நாட்டின் அயகூச்சோ மலைப்பிரதேசத்தைக் காட்டுவேன். அங்கே கெச்சுவா மொழி பேசும் தாய்மார்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதிருந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் அவர்களுக்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, அவர்களிடமே யோசனை கேட்டார்கள். கேட்டதன் பலனாக, குந்தியபடி பிரசவிக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் உட்கார ஒரு பெஞ்சும் வந்தன, குடும்பத்தாரும் மருத்துவச்சியும் உள்ளே வந்தார்கள், கெச்சுவா மொழியும் கூடவே வந்தது. 1999இல் நூற்றுக்கு 6ஆக இருந்த ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் 2007இல் 83 ஆயின. ஒரு கயிறு, ஒரு பெஞ்சு! என் இரும்பு மேஜையின் விலையில் நூறு கயிறு வாங்கியிருக்கலாம்.

நம்மிடமும் நல்லவை நடவாமலில்லை. கூடலூரில் 1990இல் தோன்றிய ஆதிவாசி மருத்துவமனையிலும், தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் 1993இல் கூரைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனையிலும், அந்தந்த மலைப்பெண்களே பயிற்சி பெற்றுத் தம் மக்களுக்குப் பணிவிடை செய்கிறார்கள். அரசாங்கமும், சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்று தாராளமாகவே விதித்திருக்கிறது. ஆயினும் கட்டடம் கிட்டே வருவதும் அதன் கதவு திறப்பதும் இரு வேறு சங்கதிகள். 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்துப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 ஆஸ்பத்திரிகளில் நிகழ்கின்றன. நெஞ்சு நிமிரத்தக்க சாதனைதான். என் கண்ணோ அந்த மிச்சம் 0.4இன்மேல் போய் நிற்கிறது. அதைவிட, வந்து சேர்ந்த 99.6 பேரில் எத்தனை பேர் “பேசாம படு” என்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பு சொல்லும் என்று ஏங்குகிறது.

மலைவாசிகளை மட்டும் மனத்தில் வைத்து நான் பேசவில்லை. ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று தெரியாமல் ஓரத்தில் நிற்கும் திருநங்கை, வாய் பேசாத தகப்பனுக்காக மருந்துச் சீட்டைப் படிக்கும் பத்து வயதுச் சிறுமி, நம் மொழி தெரியாமல் தலையை மட்டும் ஆட்டும் வடநாட்டுக் கொத்தனார், இவர்களெல்லாம் நாளைக்கு உங்கள் வாசலில் நிற்கப் போகிறவர்கள்.

மாணவ மாணவியரே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்குள், நீங்கள் பணி செய்யும் இடத்திலிருந்து எவரேனும் சொல்லாமல் போவார்கள், போகாமல் இரார். பதிவேட்டில் அந்தப் பழைய வார்த்தையை எழுதக் கை நீளும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போய், எங்களிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேளுங்கள். கூழ் கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.